ஒழுகுவதற்கென்றே ஒரு வால்வு

கௌசி, தினேஷ், இந்த வாரம் எழுதுவதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். மற்ற வாரங்களில் நான் எழுதியது தோட்டத்துக் கதை, ஆற்றுக் கதை. படித்தவர்கள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். இது உங்கள் அம்மாவைப் பற்றியது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்திரிகையில் வந்துவிட்டால் பிறகு நான் சொல்லவே இல்லை என்று மாற்றிப் பேச முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு அம்மா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது கௌசி ஒரு வார்த்தை சொன்னாள். "ரெண்டு வருசத்துல வந்துர்றேனு சொல்லிட்டு நாலு வருசம் இருந்துட்டு வந்தவங்கதானே நீங்க." அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

நீலப் போட்டு

கண்ணை மூடினால் எனக்கு முதலில் ஒரு சத்தம்தான் கேட்கிறது. கித்துல்கலையில் களனி ஆற்றங்கரை. உச்சி வெயில். ஆற்றிலிருந்து தூக்கி வந்து மணலில் வைத்த நீல நிற ரப்பர் போட்டு, காற்றடிக்கிற படகு. அதன் தரைப் பகுதியிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பல்லை இறுக்கிக்கொண்டு யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

நான் மண்டியிட்டுக் காதை வைத்தேன். ரப்பர் சுட்டது. ரப்பர் வாசம், ஆற்றுப் பாசி வாசம், கொஞ்சம் தள்ளி வெள்ளைக்காரர்களுக்குத் தாளித்த பருப்பின் வாசம் எல்லாம் கலந்து வந்தது. காற்றுப் போகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்வதற்கு, கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும்.

பால் வெட்டியவன் புத்தி

போட்டு வேலைக்கு முன்னால் நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பால் வெட்டுகிறவனுக்கு ஒரு புத்தி ஒட்டிக்கொள்ளும். எங்கே எது ஒழுகினாலும் உடனே அடைத்துவிட வேண்டும். மரத்தில் மாட்டுகிற சிரட்டையில் ஒரு கீறல் இருந்தால் அந்த மரத்துப் பால் மண்ணுக்குப் போய்விடும். அதனால் வெட்டிலே காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்து, உருட்டி, கீறலில் அப்பிவிடுவோம்.

வீட்டிலும் அதேதான். வாளி, குடை, கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டை, எல்லாவற்றுக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒட்டுப்பால்தான் மருந்து. தினேஷின் கிழிந்த செருப்புக்கும் ஒருமுறை வைத்தேன். அது தரையோடு ஒட்டிக்கொண்டது. இவன் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிவிட்டான். அந்தச் செருப்பைப் பெயர்த்தெடுக்கக் கத்தி தேவைப்பட்டது.

மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. கித்துல்கலையில் மழைக்கு என்ன குறை? வேலை இல்லாத நாட்களில் ஆற்றங்கரைக்குப் போட்டு தூக்கப் போனேன். வெளிநாட்டுக்காரர்களும் கொழும்புக்காரர்களும் வந்து, தலைக்குத் தொப்பி மாட்டி, நுரை தள்ளும் தண்ணீரில் போட்டோடு குதித்துக்கொண்டு போவார்கள். அதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது லயத்தில் யாரும் நம்பவில்லை. சும்மா கொடுத்தாலும் நாங்கள் ஏறமாட்டோம் என்றார்கள்.

போட்டுகளை நடத்தியவர் சுனில் அய்யா. சிங்களவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் பேச்சில் தம்பி. பேச்சு பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் போகும். நான் ரப்பர் தோட்டத்து ஆள் என்று தெரிந்ததும், "அப்ப இதெல்லாம் ஒன் மரத்துப் பிள்ளைங்கதானே" என்று சொல்லி, போட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஓட்டையின் பெருமை

அங்கிருந்த பழைய போட்டுகள் தொட்டி மாதிரி. உள்ளே வந்த தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். ஒரு நாள் லொறியில் இந்த நீலப் போட்டு வந்து இறங்கியது. காற்றடித்துப் பார்த்தால் தரையின் ஓரம் முழுக்க வரிசையாக ஓட்டை. நான் சுனில் அய்யாவிடம் ஓடிப்போய், உங்களை ஏமாற்றிவிட்டார்கள், ஓட்டைப் போட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையல்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார், அவரும் சிரித்தார்.

பிறகுதான் விளக்கினார். இந்தப் போட்டில் தரையும் ஒரு மெத்தை. அதற்குள்ளும் காற்று. அது ஆற்று மட்டத்துக்கு மேலே நிற்கும். அலை அடித்து உள்ளே விழுந்த தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகத் தானாக இறங்கிவிடும். வாளியும் வேண்டாம், அள்ள ஆளும் வேண்டாம்.

அன்றிலிருந்து அந்த ஓட்டைகளை நான் அப்படிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை ஆற்றிலிருந்து வந்ததும் போட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஈர்க்குச்சியால் மூங்கில் இலையும் பொடிக் கல்லும் எடுப்பேன். தரைக்கும் பக்கத்துக் குழாய்க்கும் நடுவில் மணல் தங்கினால் அது அரம் மாதிரி ரப்பரைத் தேய்த்துவிடும். வாளி வாளியாக ஊற்றி அலசுவேன். காற்றடிக்கிற வால்வுகளைத் திறந்து ஒரு பொட்டு மணல் இல்லாமல் துடைத்து, மூடியைத் திருகி, சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். என் பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படிக் காது துடைத்ததில்லை.

தரையில் மட்டும் வேறு மாதிரி ஒரு வால்வு இருந்தது. சின்னது, தட்டையானது. காற்றடிக்க அதில் வழியில்லை. அது எதற்கு என்று சுனில் அய்யா சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்க எனக்கு வெட்கம். ஓட்டைக்கே அந்தச் சிரிப்புச் சிரித்தவர்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி

அப்போது உங்கள் அம்மா குவைத்தில், ஒரு வீட்டில் வேலை. கௌசி இரண்டாம் வகுப்பு. தினேஷ் பாலர் பாடசாலை. நான் வேலைக்குப் போனபிறகு உங்கள் பாப்பாத்தி அத்தைதான் உங்களைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் இரண்டு வருட ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருந்தது.

கடைத்தெருவில் ஹனீபா நானாவின் கடையில்தான் டெலிபோன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்போம். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிட்டுப் போகிறவர் இரண்டு மணிக்கு மேல்தான் வந்து திறப்பார். அம்மா இருந்த வீட்டு மேடம் வெள்ளிக்கிழமை தன் தாய் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். இங்கே மூன்று மணி அடிக்கும்போது அங்கே அவள் தனியாக இருப்பாள். அங்கே ஒரு சாப்பாடு, இங்கே ஒரு தொழுகை, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் குடும்பம் பேசிக்கொண்டது.

டெலிபோன் இருந்தது கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில். ரிசீவரிலும் கருவாட்டு வாசம் ஏறியிருக்கும். இன்றைக்கும் எங்காவது நெத்தலிச் சாக்கை அவிழ்த்தால் எனக்கு அவள் குரல் கேட்கிற மாதிரி இருக்கும். இதை அவளிடம் ஒருமுறை சொன்னேன். கருவாட்டோடு என்னைச் சேர்க்காதீங்க என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மட்டும் போயிருந்தேன். மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார், நல்லபடியாகத்தான் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு, "என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

'வந்துரு' என்கிற சொல் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிள்ளைகளே, அது உண்மை. இரண்டு வருடமாக நான் அந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கடையில் நானா இருந்தார். சீனி வாங்க வந்த இரண்டு பேர், வாங்கி முடித்தும் போகாமல் நின்றார்கள். அவள் அனுப்புகிற காசில் கட்டிக்கொண்டிருந்த நம் புது வீட்டின் சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றிருந்தது. வரச் சொன்னால், பெண்சாதியை விட்டு இருக்கத் தெரியாதவன் என்று ஊர் சொல்லும். அவள்கூட மனதுக்குள் அப்படி நினைப்பாளோ என்று எனக்கு ஒரு கூச்சம்.

"ஒன் இஷ்டம் ராஜி. எனக்கு ஒன்னுமில்ல" என்றேன்.

 பிறகு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். சாப்பிட்டார்கள் என்றேன். வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் எவ்வளவு பெரிய மனதுக்காரன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வாயைப் பொத்தினேன்

அதற்கு மறுநாள்தான் முதலில் சொன்ன அந்தச் சத்தம்.

காலைக் குளிரில் தரையை இறுக்கமாகக் காற்றடித்திருந்தேன். மத்தியானம் வெயிலில் அந்தச் சின்ன வால்வு சீறியது. சவர்க்காரத் தண்ணீர் தடவினேன். குமிழி குமிழியாக வந்தது. ஒழுகுகிறது, சந்தேகமே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அதுவே நின்றிருக்கும். பால் வெட்டியவன் பொறுப்பானா? அந்த இடத்தைத் துடைத்து, உரசி, சொல்யூசன் பூசி, வட்டமாக ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி, வால்வோடு சேர்த்து ஒட்டினேன். மேலே ஒரு ஆற்றுக் கல்லை வைத்தேன். சத்தம் நின்றது.

ஞாயிறு காலையில் இன்னும் கொஞ்சம் காற்றடித்தேன். தரை பலகை மாதிரி ஆனது. சுனில் அய்யா ஏறி நின்று குதித்துப் பார்த்து, இன்றைக்குப் போட்டு நல்லா இருக்கே என்றார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றேன், உள்ளுக்குள் பெருமை. போட்டும் நன்றாகத்தான் போய் வந்தது. கரையில் வெயிலில் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

'டமார்.'

அது எந்தக் காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் நடந்த காலம், ஒரு சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்காத காலம். கொழும்புக்காரர்கள் தட்டோடு தரையில் படுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் நின்று பார்த்தார்கள். சமையல்காரர் மேசைக்கு அடியில். ரோட்டில் சோதனைக்கு நின்ற பொலிஸ்காரர்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு இறங்கி ஓடி வந்தார்கள். வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன். அடையாள அட்டையைக் கேட்டார்கள். தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அட்டையின் உறை என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

சுனில் அய்யா சோற்றுக் கையோடு வந்தார். இவன் எங்கள் ஆள், வெடித்தது போட்டு என்று சிங்களத்தில் சொல்லி, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நீலப் போட்டின் தரை ஒரு கை நீளத்துக்குப் பிளந்து, உள்ளே நூல் நூலாகத் தெரிந்தது. ஒரு பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு சுனில் அய்யா என் ஒட்டுத்துண்டைப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நன்றாக ஒட்டியிருந்தது. நாளையிலிருந்து வராதே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"யார் மல்லி இத ஒட்டினது?"

"நான்தான் அய்யா. லீக் ஆச்சு."

"லீக் ஆகத்தான் அத வச்சிருக்கான்" என்றார். கோபம்கூட இல்லை, களைப்பாகச் சொன்னார். "வெயில்ல உள்ள காத்து பெருக்கும். கூடினத வெளிய விட்டுட்டுத் தானா மூடிக்கும். நீ அதோட வாயப் பொத்திட்ட."

கை கழுவப் போனவர் திரும்பி நின்று, நாளைக்கு ஊசியும் நூலும் கொண்டு வா, சாக்குத் தைக்கிற ஊசி, என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

நான்கு நாள்

பிளந்ததைத் தைத்துச் சரிபார்க்க நான்கு நாள் ஆனது. முதலில் நூல், அதன்மேல் ஒரு ரப்பர்ப் பட்டி, அதற்கும் மேலே இன்னொரு பட்டி. ஒவ்வொன்றும் காய வேண்டும். கொட்டகைக்குள் நான் மட்டும். பக்கத்தில் ஆறு போய்க்கொண்டே இருந்தது. அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவனும் எட்டிப் பார்த்து, அடுத்த வெடி எப்போது என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஊசியைக் குத்தி இழுக்க இழுக்க எனக்கு நான் டெலிபோனில் சொன்ன வார்த்தைதான் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்னுமில்ல. எனக்கு ஒன்னுமில்ல. ஒன்றுமில்லாதவனா நான்? தினமும் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்துவிட்டு, திரும்ப வைக்கிறவன் நான்.

புதன்கிழமை கடைசிப் பட்டியை ஒட்டினேன். சின்ன வால்வின் மேலிருந்த என் ஒட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பிரித்து, அதன் உள்ளே இருந்த மணலையும் ஊதி எடுத்தேன். வியாழக்கிழமை வெயிலில் காற்றடித்துப் பார்த்தேன். சீறியது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவே நின்றது.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வெள்ளி

உங்கள் இருவருக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கௌசிக்கு நினைவிருக்கும், நானா உனக்கு ஒரு தேன்குழல் கொடுத்தார். முதலில் நீங்கள் பேசினீர்கள். தினேஷ், "அம்மா, அப்பா போட்ட வெடிக்க வச்சிட்டாரு" என்று கத்தினான். ரிசீவருக்கு வெளியே அவள் சிரிப்பு எனக்குக் கேட்டது. எத்தனை நாளுக்குப் பிறகு கேட்கிறேன்.

பிறகு நான் வாங்கினேன். உங்களைக் கடை வாசலுக்குப் போகச் சொன்னேன். அன்றைக்கும் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"ராஜி, நீ வந்துரு. வீடு எப்ப முடிஞ்சாலும் முடியட்டும். என்னால முடியல, வந்துரு."

கம்பிக்குள் கரகரவென்று சத்தம். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"போன கெழம நான் போன வச்சப்புறம், சாயந்திரமே மேடம் வந்து கேட்டாங்க" என்றாள். "சரினு சொல்லிட்டேங்க. செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போயி கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்க வான்னு சொல்லுவீங்கனுதான் கேட்டேன்" என்றாள்.

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுக்கியிருந்த சவர்க்காரக் கட்டிகளைத் திரும்ப அடுக்கினார். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கடைசியில் அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"சரி விடுங்க. நான்தான் இருக்கேன்னு சொன்னதா புள்ளைங்ககிட்ட சொல்லிருங்க. இல்லாட்டி ஒங்க மேல கோவிச்சுக்குவாங்க. கூட இருக்கிறது நீங்கதானே."

அதைத்தான் நான் உங்களிடம் சொன்னேன். வரும் வழியில், பாலத்தில். கௌசி ஒவ்வொரு கல்லாக ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். மேலும் இரண்டு வருடம் கழித்து அம்மா வந்து இறங்கியபோது, தினேஷ் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இத்தனை வருடம் உங்கள் கோபத்தை அவள் வாங்கிக்கொண்டாள். அது எனக்குச் சேர வேண்டியது. இனிமேல் கேட்பதானால் என்னைக் கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த ஒரு நாள், ஆற்றில் தண்ணீர் கூடி எனக்கு வேலை இல்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். மழைக்கு நடுவில் நல்ல வெயில் ஒன்று வந்தது. நான் தகரப் பெட்டியைத் திறந்து, உங்கள் அம்மா போனதிலிருந்து அதில் வைத்திருந்த அவளுடைய தலையணையை எடுத்தேன். அடியில் பூஞ்சணம் பொட்டுப் பொட்டாக ஏறியிருந்தது. உறையைத் துவைக்க மனம் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த பாறையில் வைத்து, ஒரு பக்கம் சூடானதும் மறுபக்கம் திருப்பி, கட்டி தட்டியிருந்த பஞ்சை விரலால் பிரித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறலுக்கு முன்னால் உள்ளே எடுத்துவந்தேன். பெட்டிக்குள் திரும்ப வைக்கவில்லை. கட்டிலில், அவள் படுக்கிற பக்கம் வைத்தேன்.